பிள்ளைக் காம்பராவுக்காக ஒரே நாளில் இரண்டு தடவை ஊட்டி

மலைத் தோட்டத்திலிருந்து காலையில் கிளம்பி, ஊட்டியில் அரசாங்க ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? மகளிர் குழு நடத்தும் இரண்டு பெண்கள் போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். மானிய விண்ணப்பம் கொடுக்கப் போகிறார்களாம். முடியும். நான் ஒரே நாளில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் படகு, பூங்கா, சாக்லேட் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் போனது அதற்கு இல்லை.

பயணம் நடந்தது நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த ஆறாவது வருஷம், மார்ச் மாதத்தின் கடைசி வேலை நாள். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவள் நான். இங்கே காகிதத்தில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கடைத்தெருவில் சிலோன்காரங்க. ஊட்டி–கோத்தகிரி ரோட்டில் இருக்கும் கட்டபெட்டுக்குக் கீழே நாலு கிலோமீட்டரில் புதிதாகப் போட்ட ஒரு தோட்டத்தில் எங்களுக்கு வேலையும் லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரு அறையும் கொடுத்தார்கள். எதற்கெடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் வேலைதான் செய்தேன்.

அங்கே எங்கள் பழைய தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். ஒரு பெண் இருந்து பார்த்துக்கொள்வாள். இங்கே தேயிலை நட்டார்கள், லயம் கட்டினார்கள், பிள்ளைகளை நினைக்கவில்லை. என் பக்கத்து அறை மாரியாயி, நடக்கப் பழகிய தன் மகனை இடுப்பில் சேலைக் கிழிசல் கட்டி, மறு நுனியை வாசக்கால் ஆணியில் முடிந்துவிட்டு வேலைக்கு வருவாள். அடுப்புப் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமே. ஒருநாள் பகலில் பால் கொடுக்க ஓடியவள் போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டது. முடிச்சு இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறியிருந்தது. பிள்ளை பிழைத்தது. மறுநாள் காலையும் அவள் அதே ஆணியில்தான் கட்டிவிட்டு வந்தாள். வேறு வழி இல்லை.

அதன் பிறகுதான் இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து மாதர் சங்கம் ஆரம்பித்தோம். லாபம் பார்க்காமல் பெண்களே நடத்தும் சங்கங்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்று கோத்தகிரி நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பில் படித்தேன். பெண்கள் ஆணுக்குச் சமமாகத் தங்கள் காலில் நிற்பதற்காக என்று அதன் தலைப்பிலேயே போட்டிருந்தது. எங்கள் திட்டம் எளிது. காலியாகக் கிடந்த ஒரு லயத்து அறையில் பிள்ளைக் காம்பரா. நாளுக்கு இரண்டு பேர் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அன்றைக்கு இழக்கும் கூலிக்கு ஈடாக மானியத்திலிருந்து அவர்களுக்கு ஒரு தொகை. மீதி பாலுக்கும் பாய்க்கும்.

விண்ணப்பம் எழுதியது நான். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கடையில் அரிசி மடித்துக் கொடுத்த பேப்பரைப் பார்த்து எழுத்துக் கற்றேன். ழகரத்தின் அடி இருந்த இடத்தில் அந்தப் பேப்பர் கிழிந்திருந்தது. அதனால் அதன் வாலை என் மனம்போல் முடித்தேன். கீழே போய் மறுபடி மேலேறி வரும். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். இந்த வால் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு, மார்ச் கடைசி வேலை நாளன்று நேரில் வரவும் என்று ஒரு கார்டு வந்தது. காலை 6.10க்கு லயத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன். கட்டபெட்டு வரை நாலு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், ஒரு மணி நேரம். 7.25 பஸ் 7.40க்கு வந்தது. கட்டணம் ஒரு ரூபாய் பத்து பைசா. கட்டபெட்டிலிருந்து ஊட்டி இருபது கிலோமீட்டர். தொட்டபெட்டா பிரிவு வரை ஏறி அப்புறம் இறங்கும் பாதை. இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் என்றெல்லாம் கேட்காதீர்கள். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. 8.50க்கு ஊட்டி. பஸ் நிலையத்தில் ஒரு டீ முப்பது பைசா. நாங்கள் பறித்த கொழுந்துக்கு அந்த நிறம் வராது. அங்கிருந்து சேரிங்கிராஸ் வழியாக மேடேறி ஆபீசுக்கு நடை, முக்கால் மணி நேரம்.

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அலுவலர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, சங்கத்தில் எத்தனை பெண்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்றார். நாங்கள்தான் என்றேன்.

"அப்புறம் ஏம்மா தொகை வாங்கறது இருபத்திரண்டு ஆம்பளைங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் படித்தார். தொகையைப் பெற்றுக்கொள்பவர்: பழனியாண்டி, அழகர், ஏழுமலை, சின்னையா. வரிசையாக எங்கள் லயத்து ஆண்களின் பெயர்கள். முதல் பெயர் என் வீட்டுக்காரர்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆபீசில் யாரோ தாளை மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். சிலோன்காரிகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தீர்களா என்றேன். எங்கள் தோட்டத்து ஆண்கள் யாரோ வந்து பணம் கொடுத்து எழுதவைத்திருக்கிறார்கள் என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அந்தம்மா எழவில்லை. கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

பழனியாண்டியில் ஒரு ழ. அழகரில் ஒரு ழ. ஏழுமலையில் ஒரு ழ. மூன்றுக்கும் வால் கீழே போய் மேலேறி வந்திருந்தது.

உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அந்தத் தாளை எழுதியது நான். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை. லயத்தில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு, நல்ல நினைவோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் செய்த அநியாயத்துக்கு எனக்குக் கோபம் வரும், அது பழக்கம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இலங்கைத் தோட்டத்தில் சம்பள நாளில் மேசைக்கு முன்னால் ஆண்கள்தான் வரிசையில் நிற்பார்கள். மனைவி பறித்த கொழுந்துக்கும் புருஷன்தான் கைநாட்டு வைத்து வாங்குவான். என் அம்மாவின் சம்பளத்தை அப்பா வாங்கினார், என்னுடையதை முதலில் அப்பாவும் பிறகு பழனியாண்டியும். இங்கே வந்தும் அதே பழக்கம். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நான் பக்கத்தில் கூடையோடு நிற்பேன், அவர் விரலை மையில் அழுத்தி என் சம்பளத்தை வாங்குவார். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 'பெற்றுக்கொள்பவர்' என்று ஒரு கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக அவரை எழுதியிருக்கிறது. மற்ற பெண்களையும் கேட்டுத்தான் எழுதினேன். இருபது பேர் புருஷன் பெயரைச் சொன்னார்கள். புருஷன் இல்லாத காளியம்மா மகன் பெயரைச் சொன்னாள்.

அலுவலர் அம்மா ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் பெண்களின் பெயர், எதிரே அவரவர் கையெழுத்து அல்லது கைநாட்டு. "இருபது பேருக்குக் குறைஞ்சா திட்டம் நிக்காது. நாலரைக்குக் கோப்பு போயிரும். போச்சுன்னா இந்த வருஷப் பணம் திரும்பிப் போயிரும்மா. அப்புறம் யாருக்குக் குடுப்பாங்களோ தெரியாது." மை இழுகியிருந்தால் செல்லாது, ரேகை தெரிய வேண்டும் என்றும் சொன்னார்.

11.15 பஸ்சைப் பிடித்தேன். இம்முறை உட்கார இடம் கிடைத்தது. படிவத்தை மடியில் வைத்து இருபத்தொரு பெண்களின் பெயர்களையும் எழுதினேன். என் வரியை விட்டுவைத்தேன். சங்கத்துக்குச் செயலாளர் நான், செயலாளர் கடைசியில் போடுவதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 12.20 கட்டபெட்டு. இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாக நாற்பது நிமிஷம். ஒரு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு எல்லாப் பெண்களும் கூடையோடு வந்துவிடுவார்கள் என்பதுதான் என் தைரியம்.

வந்திருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பழைய தாளில் என்ன எழுதியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி அவர்களுக்கும் ஏற்படும் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் ஏற்படவில்லை. சரியாத்தானே எழுதியிருக்கு என்பதுபோல் பார்த்தார்கள்.

முதலில் பேசியது மாரியாயி. "அக்கா, அவருகிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்புடி வைக்கிறது?"

"ஒன் புள்ள கழுத்துல முடிச்சு ஏறினப்ப யாருகிட்ட கேட்டு அவுத்த?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, இன்றும் வாங்கிக்கொள்ள மாட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. கொட்டகை ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அதற்குள் சேதி ஆண்கள் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலைக்கு எட்டி, செடி வெட்டும் கத்தியோடு என் வீட்டுக்காரரே இறங்கி வந்துவிட்டார். சத்தம் போடும் ஆள் இல்லை அவர். அதுதான் கஷ்டம். "எம் பேரு இருந்தா என்னா கொறஞ்சி போச்சி? ஒனக்குத் தராம வச்சிக்கிட்டேனா?" என்றார், எல்லோர் முன்னாலும்.

உண்மைதான். கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறார். "தந்தீங்க. கேட்டப்ப எல்லாம் தந்தீங்க. என் சம்பளத்த நான் ஏன் கேக்கணும்?" என்றேன். இருபத்தொரு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்றரை.

எங்களில் மூத்தவள் காளியம்மாதான் அதை முடித்து வைத்தாள். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "பழனியாண்டி, நீ வந்து புள்ளைங்களுக்குக் குண்டி கழுவி விடுறியா? வர்றதுன்னா சொல்லு, ஒன் பேரையே எழுதச் சொல்றேன்." கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நிறுக்கிற கணக்கப்பிள்ளையும் சிரித்தார். பழனியாண்டி கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சிரித்த பிறகு பெண்கள் நெருங்கி வந்தார்கள். அப்போது இன்னொரு இடைஞ்சல். கணக்கப்பிள்ளையின் மைப்பெட்டியில் காளியம்மா விரலை வைத்து ஒரு வேண்டாத தாளில் அழுத்திப் பார்த்தாள். கறுப்பாக ஒரு அப்பல், ரேகையே இல்லை. கொழுந்து பறிக்கிறவளின் கட்டை விரலைப் பார்த்திருக்கிறீர்களா? சாறு ஏறி ஏறித் தோல் மரப்பட்டை மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் சம்பள மேசையில் ஆண்கள் விரல் வைத்ததால் இந்தச் சங்கடம் எங்களுக்குத் தெரியவே இல்லை. என்ன செய்வதென்று நின்றபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயி எழுந்து வந்தாள். டீ போடும் அடுப்புச் சாம்பலும், அவள் சோற்றுக்குக் கொண்டுவந்திருந்த எலுமிச்சங்காய்ப் பாதியும் கையில் இருந்தது. அங்கே உட்கார்ந்து அதுவரை தன் விரலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல் மையைத் தொட்டு, தன் பெயருக்கு எதிரே அழுத்தினாள். ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"இப்ப வையுங்க எல்லாரும். அக்காவுக்கு நேரமாவுது" என்றாள்.

தேய்த்துக் கழுவி ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். இராசம்மாவும் இன்னொருத்தியும் வைக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் ஏலாது என்றுவிட்டார்கள். மொத்தம் பத்தொன்பது. என்னோடு சேர்த்தால் இருபது. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

1.50க்குக் கிளம்பி ஏற்றத்தை ஐம்பது நிமிஷத்தில் ஏறினேன். 2.30 பஸ் போயிருந்தது. அடுத்தது நாலு மணிக்கு. ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்த ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் தனியாக வந்துகொண்டிருந்தார். நாலரைக்குள் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றேன். "ஏறுங்கம்மா. லோடு வண்டிங்க, பறக்காதுங்க. நாலுக்குள்ள உட்டர்றேன்" என்றார். காசு வாங்கவில்லை.

பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். மடியில் படிவம். என் வரி ஒன்றுதான் பாக்கி. ஒரு பெயர், ஒரு கையெழுத்து. அரை நிமிஷ வேலை. எழுத வரவில்லை. பயம் இல்லை. அவர் மேல் கோபம்கூட இல்லை. அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்து நான் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். மாரியாயியை அப்படிக் கேட்ட வாய் என்னுடையது. இந்தக் கையும் என்னுடையதுதான். பேனா முனையில் மை காய்ந்துவிட்டது. உதறினேன். மறுபடி காய்ந்தது.

பாதி வழியில் ஓட்டுநர் கேட்டார். "ஏனுங்கம்மா, கட்டபெட்டுல தொறந்த பேனாவ இன்னும் புடிச்சுட்டே வர்றீங்க. எழுதத் தெரியாதுங்களா? சொல்லுங்க, நான் வேணா எழுதித் தர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. எழுதத் தெரியும், நம் பணத்தை நாமே வாங்குவதாக எழுத வேண்டும், அதுதான் என்றேன். அவர் சிரித்தார். "எங்கூட்டுல தலகீழுங்க. சம்பளத்தைக் கொண்டுபோய் அவகிட்டக் குடுத்துப்போட்டு டீக்குக் காசு கேட்டு நிக்கறேன். அவ ஒருநாளும் யோசிச்சதில்லீங்க." தொட்டபெட்டா பிரிவில் வண்டி கடைசி ஏற்றத்தை ஏறிக்கொண்டிருந்தது. எழுதினேன். கையெழுத்தின் நடுவில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து, பேனா கட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டது.

3.50க்கு சேரிங்கிராஸில் இறங்கினேன். 4.10க்கு ஆபீஸ். அலுவலர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ரேகையாகப் பார்த்தார். எண்ணி முடித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மத்தவங்க எல்லாம் கைநாட்டே நேரா வெச்சிருக்காங்க. எழுதத் தெரிஞ்சவங்க உங்க கை மட்டும் ஏன் இப்படிக் கோணியிருக்கு?"

"ரோடு சரியில்லீங்க" என்றேன்.

அவர் முத்திரையை அழுத்தினார். ஐந்து மணி பஸ். 6.10க்குக் கட்டபெட்டு. வெளிச்சம் இருக்கும்போதே லயத்துக்குள் நுழைந்துவிட்டேன். பழனியாண்டி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், தேயிலைத் தூள் தீர்ந்துவிட்டது என்றார்.

ஜூன் மாதம் பிள்ளைக் காம்பரா திறந்தது. முதல் முறை காளியம்மாவுக்கும் மாரியாயிக்கும். மாரியாயி வாசக்கால் ஆணியில் இருந்த சேலைக் கிழிசலை அவிழ்த்துக் கொண்டுவந்து, தரை துடைக்கப் போட்டாள். அடுத்த வருஷம் இராசம்மா சேர்ந்தாள். இன்னொருத்தி கடைசிவரை சேரவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் குறை சொல்கிறேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெளியே இருந்து வந்த எத்தனையோ அநியாயங்களைப் பார்த்துவிட்டேன். எதுவும் அந்த மூன்று வால்களைப் போல் என்னை உலுக்கியதில்லை.

இனி, போகிறவர்களுக்கு. தூரம் மாறவில்லை, அதே இருபது கிலோமீட்டர். பஸ்கள் கூடியிருக்கின்றன, கட்டணத்தை அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள், நான் எழுதி நீங்கள் நம்பிப் போய்க் கண்டக்டரோடு சண்டை வேண்டாம். சீசன் மாதங்களில் தொட்டபெட்டா பிரிவில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும், அதனால் முதல் பஸ்சைப் பிடியுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் போகாதீர்கள், பிப்ரவரியிலேயே முடியுங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் இன்னும் இருந்தால் எலுமிச்சங்காயும் சாம்பலும் எடுத்துப் போங்கள். படிவத்தை ஊரிலேயே இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபாருங்கள், முக்கியமாக யார் வாங்குவது என்ற கட்டத்தை. இப்போது அது வங்கிக் கணக்காக இருக்கும்; அந்தக் கணக்கின் அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

எழுத ஆரம்பிக்கும்போது உங்கள் வரியை முதலில் எழுதுங்கள். தொட்டபெட்டா ஏற்றத்தில் ரோடு இன்னும் சரியில்லை.